வரிசை குலையாத வட்டு

ஒரு வீடியோ வட்டில் படம் மட்டும் இருந்தால் போதாது. ஒவ்வொரு துண்டும் எதைக் காட்டுகிறது, எதற்குப் பின் எது வருகிறது என்ற இரண்டு செய்திகளும் கூடவே இருக்க வேண்டும். முதலாவதைக் கோப்பின் பெயர் சொல்கிறது, இரண்டாவதை வரிசை சொல்கிறது. கணினியில் ஒழுங்காக இருக்கும் இவை இரண்டும் டிவிடியில் எழுதும்போது சத்தமில்லாமல் தொலைந்துபோகின்றன. படத்துக்குப் பழுது இருக்காது. ஆனால் பல ஆண்டுகள் கழித்து அதைப் போட்டுப் பார்ப்பவருக்கு இது எந்த ஆண்டுத் திருவிழா, இந்தக் காட்சி காலையா மாலையா என்பது தெரியாமல் போகும்.

பினாங்குத் தமிழரிடம் இப்படிச் சேர்ந்திருக்கும் வட்டுகளில் பெரும்பங்கு இரண்டு வகை: கல்யாணம், தைப்பூசம். இரண்டுமே வரிசையால் நிற்பவை. தைப்பூசம் ஜார்ஜ் டவுனில் மூன்று நாள் விழா. முதல் நாள் அதிகாலையில் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து நகரத்தார் வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. 2017 முதல் குயின் வீதி மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. மறுநாள் பூசத்தன்று காவடிகள், அதற்கடுத்த நாள் ரதம் திரும்புதல். வழி நெடுக சிதறு தேங்காய், தண்ணீர்ப் பந்தல்கள், மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலின் 513 படிகள். இதை இரண்டு மூன்று பேர் வெவ்வேறு கேமராவில் பிடித்தால் நூற்றுக்கணக்கான துண்டுகள் சேரும். போகும் ரதமும் திரும்பும் ரதமும் ஒரே தெருக்களில் ஒரே மாதிரி தெரியும். பெயரும் வரிசையும் போய்விட்டால் அவற்றைப் பிரித்துச் சொல்ல ஊர்க்காரரே திணறுவார்.

வட்டில் எழுதும் வேலையைத் தொடங்குமுன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும்: செய்யப்போவது வீடியோ வட்டா, தரவு வட்டா? வீட்டில் டிவியோடு இணைந்த பிளேயர் எதிலும் ஓட வேண்டுமென்றால் அது விசிடி அல்லது டிவிடி வீடியோ. கோப்புகளை உள்ளது உள்ளபடியே பாதுகாக்க வேண்டுமென்றால் அது தரவு வட்டு. கடையில் “டிவிடி போட்டுக் கொடுங்கள்” என்று மட்டும் சொன்னால் இரண்டில் எதுவும் கைக்கு வரலாம். பெயரும் வரிசையும் இரண்டிலும் வேறு வேறு விதமாக நடத்தப்படுகின்றன.

விசிடியின் விதிகள் 1993-இல் வகுக்கப்பட்டன. மலேசியா உட்பட கிழக்கு, தென்கிழக்காசியாவெங்கும் விசிடி அடுத்த பத்தாண்டுகள் கொடிகட்டிப் பறந்தது. அதில் படம் எப்போதும் எம்பெக்ஏவி என்ற கோப்புறையில்தான் இருக்கும். கோப்புகளின் பெயர் ஏவிசெக்01, ஏவிசெக்02 என்று எண்ணாகவே அமையும். எழுதும்போது கொடுத்த வரிசைதான் அந்த எண். அதற்குமேல் பெயருக்கு அங்கே இடமில்லை. 1996-இல் வந்த டிவிடியும் அதே வழிதான். படம் வீடியோ_டிஎஸ் என்ற கோப்புறைக்குள் விடிஎஸ்_01_1, விடிஎஸ்_01_2 என்ற பெயர்களில், விஓபி என்ற வகைக் கோப்புகளாக அடங்குகிறது. ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவே இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 4.7 ஜிபி வட்டு நிறையப் பதிந்த கல்யாணம் ஐந்து விஓபிகளாக வெட்டுப்படும். வெட்டு எங்கே விழும் என்பதற்கும் கல்யாண நிகழ்ச்சிக்கும் தொடர்பே இல்லை. மாலை மாற்றுவது ஒரு கோப்பில் தொடங்கி அடுத்ததில் முடியலாம். எது எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை ஐஎஃப்ஓ என்ற சிறு கோப்பு வைத்திருக்கிறது, அதன் காப்பு நகல் பியூபி. பிளேயர் இவற்றைப் படித்துத்தான் நடக்கிறது. எனவே விஓபி கோப்புக்கு ‘தாலி கட்டு’ என்று பெயர் மாற்றி மறுபடி எழுதினால் அந்த வட்டு பிளேயரில் ஓடாது.

அப்படியானால் டிவிடி வீடியோவில் பெயரைக் காப்பது எப்படி? மூன்று இடங்கள் உள்ளன. முதலாவது மெனு. ஒவ்வொரு நிகழ்ச்சியும் ஓர் அத்தியாயமாகி, மெனுவில் அதன் தலைப்பு தமிழிலேயே வர முடியும். மெனு என்பது படமாகவே பதிவதால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கேள்வி எழாது. ஒரு படத்துக்கு 99 அத்தியாயம் வரை வைக்கலாம், கல்யாணத்துக்கு அது தாராளம். இரண்டாவது, வட்டின் பெயர். ‘டிவிடி_வீடியோ’, ‘நியூ’ என்று மென்பொருள் தானாகப் போடும் பெயரை விட்டுவைப்பது பெருந்தவறு. ஆண்டும் நிகழ்ச்சியும் அங்கே வந்தாக வேண்டும். மூன்றாவது பலரும் அறியாதது: வீடியோ_டிஎஸ் கோப்புறைக்குப் பக்கத்தில் வேறு கோப்புகளையும் வைக்க டிவிடி விதி அனுமதிக்கிறது. பிளேயர் அவற்றைக் கண்டுகொள்ளாது, கணினியில் திறந்தால் தெரியும். அங்கே ஒரு சாதாரண உரைக் கோப்பில், முதல் அத்தியாயம் எது, எத்தனையாவது நிமிடத்தில் என்ன வருகிறது, எடுத்தது யார், எந்த நாள் என்று எழுதி வைத்தால் அந்தச் செய்தி வட்டை விட்டுப் பிரியாது. உறைமேல் எழுதிய காகிதம் பிரிந்துபோகும்.

தரவு வட்டுதான் பெயரை உண்மையில் காக்க வல்லது. ஆனால் அதற்கும் எல்லைகள் உண்டு, அவை வட்டின் கோப்பு முறையைப் பொறுத்தவை. 1988-இல் வந்த ஐஎஸ்ஓ 9660 முறையின் கடுமையான முதல் நிலையில், ஒரு பெயருக்கு எட்டு எழுத்தும் பின்னொட்டுக்கு மூன்று எழுத்தும்தான். அதிலும் ஆங்கிலப் பெரிய எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதற்கும் இடமில்லை. இடைவெளி, இணைப்புக்கோடு, தமிழ் எல்லாமே அடிக்கோடாகிவிடும். 1995-இல் மைக்ரோசாஃப்ட் இதன்மேல் சேர்த்த ஜோலியெட் முறை 64 குறிகள் வரை, யூனிகோடில் எந்த மொழியையும் ஏற்கிறது. டிவிடிக்கு வழக்கமான யூடிஎஃப் முறையில் தமிழ்ப் பெயர் அதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளலாம். எழுதும் மென்பொருள்கள் பொதுவாக இந்த முறைகளில் இரண்டு மூன்றை ஒரே வட்டில் சேர்த்தே பதிக்கின்றன. ஒரே கோப்புக்கு இரண்டு பெயர்ப் பட்டியல் இருக்கும். கணினி நீளப் பெயரைப் படிக்கும், பழைய பிளேயர் குட்டைப் பெயரைப் படிக்கும்.

இங்கேதான் பெரும்பாலான குழப்பம் பிறக்கிறது. எல்லாக் கோப்பின் பெயரும் ஆங்கில எழுத்தில் ‘தைப்பூசம் 2017’ என்று தொடங்கி, கடைசியில் மட்டும் ‘ரதம்’, ‘காவடி’ என்று வேறுபட்டால், எட்டு எழுத்தில் வெட்டும்போது அத்தனையும் ஒரே பெயராகிவிடும். மென்பொருள் தானே ஓர் எண்ணை ஒட்டிப் பிரிக்கும், அந்த எண் எந்த ஒழுங்கில் வரும் என்பது அதன் விருப்பம். ஆகவே பிரித்துக் காட்டும் பகுதி பெயரின் தலையில் வர வேண்டும். முதல் எட்டு எழுத்துக்குள் எண்ணும் ஒரு குறுஞ்சொல்லும் அடங்கினால் எந்தப் பிளேயரிலும் அது தப்பிப் பிழைக்கும்.

தமிழ்ப் பெயர்களுக்கு ஜோலியெட்டின் 64 என்ற கணக்கும் ஏமாற்றக்கூடியது. யூனிகோடில் உயிர்மெய் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறிகளால் ஆனது. புள்ளி வைத்த எழுத்தும் அப்படியே. ‘தைப்பூசம்’ கண்ணுக்கு ஐந்தெழுத்து, வட்டுக்கு ஒன்பது குறி. 64 குறியில் முப்பத்தைந்து, நாற்பது தமிழ் எழுத்துகளே கொள்ளும். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. கொ, கோ, கௌ போன்றவற்றை யூனிகோடு இரு விதமாகச் சேமிக்க இடம் தருகிறது: ஒரே உயிர்க்குறியாகவும், கொம்பும் காலும் பிரிந்த இரு குறிகளாகவும். ஆப்பிள் கணினிகள் நெடுங்காலம் பயன்படுத்திய எச்எஃப்எஸ் பிளஸ் முறை பெயர்களைப் பிரித்தே வைத்தது, விண்டோஸ் தட்டச்சு செய்தபடியே வைக்கிறது. ஆக, ‘கொம்தார்’ என்று பெயரிட்ட கோப்பு இரண்டு கணினியிலும் ஒன்றுபோலவே தெரியும், தேடினால் அகப்படாது, இரண்டையும் ஒரே கோப்புறையில் சேர்த்தால் ஒரே பெயரில் இரட்டைக் கோப்புகளாக நிற்கும்.

யூனிகோடுக்கு முந்தைய வட்டுகள் வேறு கதை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு அஞ்சல் வழியாகவும் பிற எழுத்துருக்கள் வழியாகவும் தமிழ் கணினிக்கு வந்தது. 1990-களின் இறுதியில் தகுதரம், தமிழ்நாட்டின் டேப், டேம் என்று பல குறியீடுகள் வழங்கின. அந்த எழுத்துருவில் தட்டிய பெயரை இன்றைய கணினி ஐரோப்பிய மொழிகளின் உச்சரிப்புக் குறியிட்ட எழுத்துகளாகக் காட்டும். அது அழிந்துபோன பெயர் என்று நினைத்து மாற்றிவிடக் கூடாது. குறியீடு மாற்றும் மென்பொருளில் போட்டால் பெயர் அப்படியே தமிழில் திரும்ப வரும். மாற்றுமுன் பழைய பெயரை ஒரு பட்டியலில் நகலெடுத்து வைப்பது நல்லது.

இனி வரிசை. மென்பொருளின் சாளரத்தில் கோப்புகளை மேலும் கீழும் இழுத்து அடுக்கிவிட்டால் வட்டிலும் அப்படியே இருக்கும் என்பது பரவலான நம்பிக்கை. தரவு வட்டில் அது நடக்காது. ஐஎஸ்ஓ 9660 விதியே கோப்புறையின் பட்டியல் பெயர் வரிசையில் இருக்க வேண்டும் என்கிறது. எப்படி இழுத்தாலும் எழுதும்போது பெயர்ப்படி மறுபடி அடுக்கப்படும். வட்டின் சுருள் தடத்தில் எந்தக் கோப்பு முதலில் பதிய வேண்டும் என்பதை மாற்ற லினக்ஸில் உள்ள எம்கேஐஎஸ்ஓஎஃப்எஸ் போன்ற கருவிகள் இடம் தருகின்றன. ஆனால் அது தடத்தின் வரிசை மட்டுமே, பட்டியலின் வரிசை மாறாது. ஆக, தரவு வட்டில் வரிசையைக் காக்க ஒரே இடம் பெயர்தான். எதற்குப் பின் எது என்பதைப் பெயருக்குள்ளேயே எழுதிவிட வேண்டும்.

இப்படி எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கல்யாணமே சான்று. ஒரு வீட்டு வழக்கில் முந்தின மாலை நலங்கு, மறுநாள் மாலை மாற்றல், தாலி கட்டு, அம்மி மிதித்தல், கடைசியில் விருந்து என்று நடந்தது என்று வைத்துக்கொள்வோம். இவற்றையே கோப்புப் பெயர்களாகக் கொடுத்தால் வட்டு காட்டும் வரிசை: அம்மி மிதித்தல், தாலி கட்டு, நலங்கு, மாலை மாற்றல், விருந்து. விருந்து மட்டும் தன் இடத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றின் தலையிலும் 01, 02, 03 என்று எண் போட்டுவிட்டால் கல்யாணம் நடந்தபடியே ஓடும். அகரவரிசை என்று நம்பி எழுத்தை வைத்து அடுக்குவதும் உதவாது. யூனிகோடின் குறி வரிசையில் ன, ந-வுக்கு அடுத்தும், ற, ர-வுக்கு அடுத்தும், ள, ல-வுக்கு அடுத்தும் நிற்கின்றன. பள்ளியில் படித்த நெடுங்கணக்கு அங்கே செல்லாது.

எண் போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 1, 2, 3 என்று தொடங்கி 10-ஐத் தாண்டினால் பிளேயர் 1, 10, 11, 2 என்றே ஓட்டும், ஏனென்றால் அது எண்ணின் மதிப்பைப் பார்ப்பதில்லை, இடமிருந்து ஒவ்வொரு குறியாகவே ஒப்பிடுகிறது. விண்டோஸ் எக்ஸ்பி முதல் விண்டோஸ் கோப்புச் சாளரம் எண்ணின் மதிப்பை அறிந்து 1, 2, 10 என்று சரியாக அடுக்கிக் காட்டத் தொடங்கியது. கணினியில் ஒழுங்காகத் தெரிந்த வட்டு டிவி முன் குலைவதற்கு இதுவே முதன்மையான காரணம். நூறு துண்டுக்குக் குறைவு என்றால் 01, அதற்கு மேல் என்றால் 001 என்று முன்னால் பூஜ்யம் போடுவது இந்தத் தொல்லையை அடியோடு ஒழிக்கிறது. பூஜ்யத்தைச் சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. இத்தனை எளிய காரியம் இன்னும் பழக்கமாகாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

தேதிக்கும் இதே நியாயம். மலேசிய வழக்கில் நாள், மாதம், ஆண்டு என்று எழுதுகிறோம். 2012 பிப்ரவரி 7, 2017 பிப்ரவரி 9, 2024 ஜனவரி 25, 2025 பிப்ரவரி 11 ஆகிய நான்கு தைப்பூசங்களையும் அப்படியே பெயரிட்டால் 07-02-2012, 09-02-2017, 11-02-2025, 25-01-2024 என்று அமையும். 2025 விழா 2024-க்கு முன்னால் வந்துவிடும். ஆண்டை முன்னால் வைத்து 2024-01-25, 2025-02-11 என்று எழுதினால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். கோப்பின் ‘மாற்றிய தேதி’யை நம்பியிருப்பது ஆபத்து, ஏனென்றால் வெட்டி ஒட்டிச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது புதிதாகிவிடும். வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவின் பெயரில் இருக்கும் தேதியும் அதே போலத்தான். அது எடுத்த நாளைக் குறிப்பதில்லை.

கேமராக்கள் தாமாக வைக்கும் பெயர்கள் தனிக் கவனம் கேட்பவை. கேனன் கேமராக்கள் எம்விஐ_0001 என்று தொடங்கி 9999 வரை போய் மறுபடி 0001-க்குத் திரும்பும். ரத ஊர்வலத்தை இருவர் ஒரே வகைக் கேமராவில் எடுத்தால் இருவரிடமும் எம்விஐ_0120 இருக்கும். ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். கோப்ரோ கேமரா நீண்ட காட்சியை வெட்டிப் பதிக்கிறது. பழைய மாதிரிகளில் முதல் துண்டு ஜிஓபிஆர்0034, தொடர்ச்சிகள் ஜிபி010034, ஜிபி020034 என்று அமையும். காட்சியின் எண் பெயரின் இறுதியில் இருக்கிறது, துண்டின் எண் நடுவில் இருக்கிறது. பெயர்ப்படி அடுக்கினால் எல்லாக் காட்சிகளின் முதல் துண்டும் ஒன்றாகச் சேர்ந்து, தொடர்ச்சிகள் எல்லாம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு கேமராவுக்கும் தனிக் கோப்புறை, விழாவுக்குமுன் எல்லாக் கேமராக் கடிகாரங்களையும் ஒரே நேரத்துக்குத் திருத்துவது, எடுத்த அன்று இரவே பெயர் மாற்றுவது: இந்த மூன்றும் பின்னால் பெரும்பாடு படுத்தும் தேடலைத் தவிர்க்கும்.

பெயர் மாற்றும்போது கேமரா கொடுத்த பெயரைத் துடைக்காமல் கடைசியில் விட்டுவைப்பதே அறிவுடைமை. ‘014_ரதம்_எம்விஐ_0120’ என்ற பெயரில் வரிசையும் இருக்கிறது, பொருளும் இருக்கிறது, மூலத்தோடு ஒப்பிடும் வழியும் இருக்கிறது. எண்ணும் குறுஞ்சொல்லும் ஆங்கில எழுத்தில் இருந்தால் பழைய பிளேயருக்கு உதவும். விரிவான தமிழ்த் தலைப்பைப் பட்டியல் கோப்பில் யூனிகோடில் எழுதலாம். ஆங்கில எழுத்தில் தைப்பூசத்தை ஒருவர் ஒரு விதமாகவும் மற்றொருவர் வேறு விதமாகவும் எழுதுவார்கள். குடும்பமோ கோயிலோ ஸ்டூடியோவோ ஓர் எழுத்துமுறையைத் தீர்மானித்து அதிலேயே நிற்க வேண்டும்.

டிவிடி வீடியோ தயாரிக்கும் மென்பொருளில் கோப்புகளை மொத்தமாக இழுத்துப் போடும்போது, சுட்டி பிடித்திருந்த கோப்பு சில சமயம் முதலில் ஏறிவிடும். சேர்த்தபின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை படிப்பது அவசியம். பிறகு நேரே வட்டில் எழுதாமல் முதலில் ஐஎஸ்ஓ பிம்பமாக வன்தட்டில் உருவாக்கி, அதை விஎல்சி போன்ற பிளேயரில் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் இம்க்பர்ன் போன்ற மென்பொருளால் பதிக்கலாம். பிம்பம் கையில் இருந்தால் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் கொடுக்கும் பிரதிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். வட்டை ஒரே தடவையில் எழுதி முடித்து மூடிவிட வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்று பல அமர்வுகளாக எழுதினால் பழைய பிளேயர்கள் பலவும் முதல் அமர்வை மட்டுமே காணும். எழுதியபின் சரிபார்க்கும் வசதியைத் தவறாமல் பயன்படுத்துவதோடு, எம்டி5 போன்ற சரிபார்ப்பு எண்களையும் பட்டியல் கோப்போடு சேர்த்து வைத்தால் பிற்காலத்தில் ஒவ்வொரு கோப்பும் சிதையாமல் இருக்கிறதா என்று அறியலாம். பினாங்கின் வெப்பமும் ஈரப்பதமும் எழுதும் வட்டின் சாயப் படலத்துக்கு நல்லதல்ல. ஒரு பிரதியோடு நிற்பது சூதாட்டம்.

வட்டில் எழுதுவதைவிட வட்டிலிருந்து மீட்பதே இப்போது அவசரமான வேலை. புதிய மடிக்கணினிகளில் டிவிடி டிரைவ் அநேகமாக இல்லை. சோனி நிறுவனம் 2025 பிப்ரவரியில் பதிவு செய்யும் புளூ-ரே வட்டுகளின் உற்பத்தியை நிறுத்தியது. அலமாரியில் இருக்கும் வட்டுகளை வன்தட்டுக்கு மாற்றும் குடும்பங்கள் பெயரையும் வரிசையையும் இழப்பது இந்தக் கட்டத்தில்தான். எல்லா டிவிடியிலும் கோப்புப் பெயர் விடிஎஸ்_01_1 தான். இரண்டாவது வட்டை அதே கோப்புறையில் நகலெடுத்தால் முதலாவது போய்விடும். ஒவ்வொரு வட்டையும் ஒரு முழு ஐஎஸ்ஓ பிம்பமாக எடுத்து, அதற்கு ஆண்டை முதலில் வைத்துப் பெயரிடுவதே பாதுகாப்பானது. அப்போது ஐஎஃப்ஓவும் மெனுவும் அத்தியாயங்களும் அப்படியே வரும். விசிடியில் உள்ள ஏவிசெக் கோப்பைச் சாதாரணமாக நகலெடுத்து வேறு வட்டில் தரவாக எழுதினால் அது விசிடியாக ஓடாது, ஏனென்றால் விசிடியின் படப் பகுதி வேறு வகைத் துண்டங்களில் பதிந்தது. அதையும் முழு வட்டாகப் பிம்பம் எடுக்க வேண்டும்.

உறையில் பேனாவால் எழுதியிருப்பதும், வட்டின் மேற்பரப்பில் ஸ்டூடியோ அச்சிட்டிருப்பதும் கணினிக்குள் தாமாக வராது. பிம்பம் எடுக்கும்போதே உறையின் இரு பக்கத்தையும் வட்டின் முகத்தையும் படம்பிடித்து, பிம்பத்தின் பெயரையே அந்தப் படங்களுக்கும் கொடுத்து அதே கோப்புறையில் வைக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட வட்டுகளாக வந்த கல்யாணத்துக்கு, பெயரின் இறுதியில் ‘வட்டு1’, ‘வட்டு2’ என்று சேர்த்தால் போதும். உறையில் எதுவும் இல்லாத வட்டுக்கு, படத்தில் தெரியும் பெரியவர்கள் யார், எந்த வீடு என்பதை அறிந்தவர்களை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பட்டியல் கோப்பில் நிமிடக் கணக்கோடு எழுதிக்கொள்வது ஒன்றே வழி. வட்டின் கோப்புகளில் பதிந்த தேதி ஓரளவு துணை செய்யும். ஆனால் அது வட்டுக்காகத் தயாரித்த நாளாக இருக்கும், விழா அதற்குச் சில வாரமோ மாதமோ முன்னால் நடந்திருக்கும்.